கொலுசு மணியை வைத்துப் பழகுங்கள்: குறைந்த செலவில் மேக்ரோவுக்கு இரட்டை ஃபிளாஷ்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் மாதிரிப் படம் அனுப்பத்தான் கேமரா வாங்கினேன். அது எப்படி என்னை ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வண்டு தேட வைத்தது என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம். மேக்ரோ, அதாவது பூச்சி மாதிரிச் சின்னதை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்க ஆசைப்படும் பையன்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்த ஃபிளாஷ் வாங்கலாம்?" நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன்: "ஃபிளாஷுக்கு முன்னால் என்ன கட்டப்போறே?"

வெள்ளி வேலை செய்பவனுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். மெருகு போட்ட மணி எதிரில் இருப்பதையெல்லாம் தன் மேல் வாங்கிக் காட்டும். ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்தால் மணியில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ஜன்னலோரம் வைத்தால் ஜன்னலே கம்பியோடு தெரியும். வண்டின் முதுகும், தாவும் சிலந்தியின் கண்ணும், பனித்துளியும் இதே சாதிதான். அவற்றின் மேல் தெரியும் பளபளப்பு உங்கள் விளக்கின் படம். விளக்கு சின்னதாக இருந்தால் எரிந்துபோன ஒரு வெள்ளைப் புள்ளி விழும், சுற்றிலும் கருப்பு. விளக்கு பெரியதாக, சீராக இருந்தால் முதுகின் வளைவும் நிறமும் வெளியே வரும். இனி வரும் அறுப்பது, வளைப்பது, ஒட்டுவது எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஃபிளாஷ் இல்லாமல் முடியாதா என்றால், வெயிலில் முடியும். ஆனால் ஏற்காட்டில் காப்பிச் செடி வளர்வதே சில்வர் ஓக் நிழலில். அங்கே பூச்சியின் நிஜ அளவும் சென்சாரில் விழும் அளவும் ஒன்றாக இருக்கும் 1:1 நெருக்கத்தில், லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் கூர்மையாக இருக்கும் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். அத்தோடு, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டியோ, மேக்ரோ லென்ஸிலோ 1:1 வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் இன்னும் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எஃப் 11 என்று எழுதியிருந்தாலும் வேலை செய்வது எஃப் 22 மாதிரி. இலை காற்றில் ஆடும், நம் கை நடுங்கும், வெளிச்சமும் இல்லை. ஃபிளாஷைக் குறைந்த சக்தியில், அதாவது 1/16, 1/32 என்று வைத்தால் அது எரியும் நேரம் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி மட்டுமே. ஆட்டம் அதிலேயே உறைந்துவிடும். முழு சக்தியில் எரிந்தால் அந்த நேரம் பல மடங்கு நீளும், உறைய வைக்கும் வலுவும் போகும். அதனால் இந்த வேலைக்கு ஃபிளாஷ் சக்தி மிகுந்ததாக இருக்க வேண்டியதில்லை.

ஏன் இரண்டு? ஒரே ஃபிளாஷை மேலே வைத்தால் பூச்சியின் வயிறும் முகத்தின் கீழ்ப்பாதியும் இருட்டாகும். லென்ஸைச் சுற்றி வளையமாக வரும் ரிங் லைட் நிழலே இல்லாமல் அடித்து, பூச்சியைத் தட்டையாக்கிவிடும். கண்ணிலும் ஒரு வளையம் விழும், எனக்கு அது பிடிக்காது. இரண்டு ஃபிளாஷ் இருந்தால் ஒன்று மேலே ஒரு பக்கத்தில் இருந்து முக்கிய வெளிச்சம் தரும். இன்னொன்று மறுபக்கத்தில் இருந்து மெதுவாக நிழலை நிரப்பும். இதற்கென்றே கம்பெனிகள் ட்வின் ஃபிளாஷ் விற்கின்றன. கேனானின் எம்டி-26இஎக்ஸ்-ஆர்டி 2017இல் வந்தபோது விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. கீழே சொல்லும் வழியில் பழைய ஃபிளாஷ்களை வாங்கிச் செய்தால் பத்தாயிரம் ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். புதிதாக வாங்கி, வயர் இல்லாமல் ஃபிளாஷை எரியவைக்கும் ரேடியோ டிரிக்கரும் வைத்தால் அதைவிடக் கூடும்.

ஃபிளாஷ் வாங்கும்போது

கேமராவே ஃபிளாஷ் சக்தியைக் கணிக்கும் டிடிஎல் வேண்டாம், நாமே சக்தியை வைக்கும் மேனுவல் போதும். காரணம் எளிது. மேக்ரோவில் பெரிதாக்கும் அளவை ஒருமுறை வைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் ஃபோகஸ் பிடிக்கிறோம். லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. ஃபிளாஷ் கேமராவோடு கட்டியிருப்பதால் ஃபிளாஷுக்கும் பூச்சிக்கும் உள்ள தூரமும் மாறாது. ஒருமுறை சக்தியைச் சரியாக வைத்துவிட்டால் அன்று முழுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வெள்ளை அந்துப்பூச்சிக்கு ஒரு படி, அதாவது பாதியாக, குறைக்க வேண்டும், கருப்பு எறும்புக்கு ஒரு படி, அதாவது இரண்டு மடங்காக, கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எடைதான் பெரிய பிரச்சினை. கோடாக்ஸ் டிடி600 மாதிரி முழு அளவு ஃபிளாஷ் ஒன்று, நான்கு ஏஏ பேட்டரியோடு அரைக் கிலோ இருக்கும். இரண்டு என்றால் ஒரு கிலோ, அதுவும் கேமராவுக்கு முன்னால் தொங்கும் ஒரு கிலோ. அரை மணி நேரம் இலைக்கடியில் குனிந்து நின்றால் மணிக்கட்டு பேசும். அதே கம்பெனியின் சின்ன டிடி350, பேட்டரி இல்லாமல் 200 கிராம்தான், இரண்டு ஏஏ போதும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பூச்சிக்கு அதன் சக்தி தாராளம். பணம் கொஞ்சம் இருக்கிறவர்கள் டிடி350 இரண்டும், கேமரா மேல் மாட்டும் எக்ஸ்2டி டிரிக்கரும் வாங்கிவிடுங்கள். ஒன்றை ஏ குரூப், மற்றதை பி குரூப் என்று வைத்தால் சக்தியை டிரிக்கரில் இருந்தே மாற்றலாம், கேமராவுக்கு வெளியே கை நீட்டிப் பூச்சியை விரட்ட வேண்டாம். உள்ளதிலேயே பெரிய சௌகரியம் அதுதான்.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பல மேனுவல் ஃபிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று ஸ்லேவ் வசதி உண்டு. இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டவுடன் அதுவும் எரியும். கேமராவின் சொந்த ஃபிளாஷை மேனுவலில், கிடைக்கும் குறைந்த சக்தியில் வைத்து, இரண்டையும் எஸ்1இல் விட்டால் வயரும் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம். சொந்த ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்ற முடியாத கேமராவாக இருந்தால் எஸ்2. அது முதலில் வரும் சோதனை மின்னலைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். கேமராவின் ஃபிளாஷ் பூச்சியின் மேல் நேராக அடிக்காமல் இருக்க, அதற்கு முன்னால் ஒரு சின்ன அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிச் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் திரும்பும். ஸ்லேவின் கண் சிவப்பு ஜன்னலுக்குள் இருக்கும், ஃபிளாஷுக்கு முன்னால் கட்டும் வெள்ளைத் திரை, அதாவது டிஃப்யூசர், அதை மறைக்கக் கூடாது.

பழைய ஃபிளாஷ் வாங்கினால் மூடியைத் திறந்து பேட்டரித் தகட்டில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஃபிலிம் காலத்து ஸ்டூடியோ ஃபிளாஷ் என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். சிலவற்றின் அடிக்காலில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும், டிஜிட்டல் கேமராவைக் கெடுத்துவிடும். ஃபிளாஷைப் போட்டு, ரெடி விளக்கு எரிந்ததும், மல்ட்டிமீட்டரை டிசி ஆயிரம் வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை நடுப் புள்ளியிலும் கருப்பு முனையைப் பக்கத் தகட்டிலும் வையுங்கள். உங்கள் கேமரா கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குமேல் காட்டினால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். எந்த ஃபிளாஷின் உடம்பையும் கழற்றி மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்கு ஏறும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது சேர்த்து வைத்திருக்கும்.

பேட்டரிக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் வகைதான் நல்லது. சாதா பேட்டரியைவிட வேகமாக ஃபிளாஷை நிரப்பும். லென்ஸ் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கிட் லென்ஸோ 55-250 மாதிரி லென்ஸோ இருந்தால் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோசப் கண்ணாடியை மாட்டுங்கள். அதன் பவர் 8 டயாப்டர், பூச்சி லென்ஸில் இருந்து சுமார் 12 சென்டிமீட்டரில் இருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும் இருந்தால் அதே நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப், 1:1 வந்துவிடும்.

பட்டை

என் மச்சான் அலுமினிய ஜன்னல் வேலை செய்கிறான். அவன் கடையில் வெட்டிப் போட்ட துண்டுகள் எடைக்குப் போகும். ஜன்னல், கதவு செய்யும் எந்தக் கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள். வேண்டியது 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன், 40 சென்டிமீட்டர் நீளப் பட்டை. நான் 5 மில்லி கேட்டதற்கு, "மாமா, கேமராவைத் தூக்கப் போறீங்களா, கதவைத் தூக்கப் போறீங்களா?" என்றான். அவன் சொன்னது சரிதான், மூன்றே தாராளம்.

நடுவில் 12 சென்டிமீட்டர் கேமராவுக்கு அடியில் தட்டையாக இருக்கட்டும். இரு பக்கமும் 14 சென்டிமீட்டர் கையாக மேலே வளைய வேண்டும். நேராக நிமிர்த்தாமல், கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்வாக. ஜன்னல் அலுமினியத்தை வைஸில் மாட்டி வெடுக்கென்று மடக்கினால் வெளிப்பக்கம் விரிசல் விடும். எங்கள் பட்டறையில் செய்வதுபோலச் சூடு காட்டி இளக்கிக்கொள்ளலாம். மடக்கும் இடத்தில் துணி சோப்பால் ஒரு கோடு போட்டு, பின்பக்கம் இருந்து கேஸ் டார்ச்சால் மெதுவாகச் சூடு காட்டுங்கள். சோப்புக் கோடு கருத்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அலுமினியம் வெள்ளி மாதிரி சிவந்து எச்சரிக்காது, திடீரென்று உருகிவிடும், அதனால்தான் சோப்பு. ஆறியதும், ஒரு இரும்புக் குழாயை அண்டக்கொடுத்து உருண்டையாக வளையுங்கள். டார்ச் இல்லையென்றால் சூடே வேண்டாம், பெரிய வளைவாக மடக்கினால் போதும்.

துளை மூன்று. கேமராவுக்கு நடுவில் ஒன்று, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒன்று, எல்லாம் 6.5 மில்லி டிரில்லில். போல்ட் விஷயத்தில் கவனம். கேமராவின் அடியில் இருப்பது கால் இஞ்சு திருகு, இஞ்சுக்கு 20 புரி. ஹார்டுவேர் கடையில் போய் "ஆறு எம்எம் போல்ட்" என்று கேட்டால் எம்6 கொடுப்பார்கள். பார்க்க ஒன்று போல இருக்கும், உள்ளேயும் கொஞ்சம் போகும், ஆனால் புரி வேறு. முறுக்கினால் கேமராவின் திருகு தேயும். கால் இஞ்சு என்று தெளிவாகக் கேளுங்கள். பட்டையைத் தாண்டி நாலரை மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது, நீளமாக இருந்தால் வாஷர் போட்டுக் குறையுங்கள், இல்லாவிட்டால் கேமராவின் அடியை உள்ளிருந்து தள்ளும். கேமராவுக்கும் பட்டைக்கும் நடுவில் பழைய சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு வைத்தால் சுழலாது.

இரு கைகளின் நுனியிலும் எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய சின்ன பால் ஹெட், அதன் மேல் ஃபிளாஷின் அடிக்காலைச் செருகும் கோல்ட் ஷூ. இவை மட்டும் கடையில் வாங்க வேண்டியவை. பிளாஸ்டிக் வாங்காதீர்கள், உலோகமாக இருக்கட்டும். ஃபிளாஷை நிமிர்த்தி வைக்காமல் லென்ஸோடு சேர்த்து முன்னோக்கிப் படுக்க வையுங்கள். அதன் தலை லென்ஸ் நுனியை எட்டும் அளவுக்கு வரும். கேமராவின் பின்னால் இருந்து பார்த்தால், கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில் இரண்டும் நிற்க வேண்டும். பிறகு தலைகளை உள்நோக்கியும் கீழ்நோக்கியும் கொஞ்சம் திருப்புங்கள்.

டிஃப்யூசர்: இங்கே அவசரப்படாதீர்கள்

வெளிச்சம் மென்மையாக இருப்பது அதன் அளவைப் பொறுத்தது. அளவு என்றால், பூச்சி இருக்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. பத்து சென்டிமீட்டர் அகல வெள்ளைத் திரை, பத்து சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் பூச்சிக்கு வானத்தில் ஒரு பெரிய துண்டு. அதே திரை நாற்பது சென்டிமீட்டர் தள்ளிப் போனால் சின்ன ஜன்னல். ஆகவே திரையைப் பெரிதாக்குவதைவிட அருகே கொண்டுவருவதுதான் மலிவான வழி. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு கூடும், அதனால் சக்தியையும் குறைக்கலாம், பேட்டரியும் மிச்சம்.

வெள்ளைச் சார்ட் அட்டையில் ஒரு கூம்புப் பெட்டி செய்யுங்கள். பின்வாய் ஃபிளாஷ் தலை இறுக்கமாக நுழையும் அளவு, முன்வாய் 14க்கு 10 சென்டிமீட்டர், ஆழம் 8 அல்லது 9. உள்ளே சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டுங்கள். கசக்காமல் ஒட்டினால் அங்கங்கே வெளிச்சம் கூடி நிற்கும். வெளியே கருப்பு டேப், இல்லையென்றால் பக்கவாட்டு வெளிச்சம் லென்ஸுக்குள் கசிந்து படம் வெளுக்கும். முன்வாயில் டிவி, மிக்ஸி பெட்டிகளுக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள். அதுதான் சரியான பொருள். பட்டர் பேப்பரும் ஓடும், ஆனால் ஏற்காட்டு மூடுபனியில் நமுத்துச் சுருங்கும்.

ஒரு தாள் போதாது. இரண்டாவது தாளை முதலாவதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் வெளிச்சம் குறையுமே தவிரப் பரவாது. நடுவில் இருக்கும் காற்றிடைவெளிதான் பரப்புகிறது. இன்னும் நடுவில் பிரகாசமாக இருந்தால், உள்தாளின் மையத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இன்னொரு ஃபோம் துண்டு ஒட்டுங்கள்.

சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பூச்சி தேவையில்லை. மெருகு போட்ட ஒரு வெள்ளிக் கொலுசு மணியை இலை மேல் வைத்துப் படமெடுங்கள். வெள்ளி மணி இல்லையென்றால் பேரிங் குண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் உங்கள் டிஃப்யூசர் இரண்டும் அதில் அப்படியே தெரியும். நடுவில் எரிந்த புள்ளி இருக்கிறதா, ஓரம் இருட்டா, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு கருப்பு இடைவெளி என்று எல்லாவற்றையும் மணியே சொல்லிவிடும். திரையைத் திருத்துங்கள், மறுபடி எடுங்கள். வண்டு ஐந்து நொடி உட்காரும், மணி சாயங்காலம் வரை உட்காரும்.

இரண்டு திரைக்கும் நடுவில் இடைவெளி விடலாமா, சேர்த்துவிடலாமா என்பது அவரவர் ருசி. எனக்கு மேலே இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வளைவான கூரை மாதிரி இருப்பது பிடிக்கும். சிலந்திக் கண்ணில் இரண்டு கட்டங்கள் தெரிந்தால் அது விளக்கு என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரே வளைவாகத் தெரிந்தால் வானம் என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

அளவுகள்

தொடங்குவதற்கு: ஐஎஸ்ஓ 200, எஃப் 11, ஷட்டர் 1/160. முக்கிய ஃபிளாஷ் 1/16, நிரப்பும் ஃபிளாஷ் 1/32. முதலில் இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கருப்பாக வந்தால், படத்தில் இருக்கும் வெளிச்சம் முழுக்க உங்களுடையது என்று அர்த்தம், கை நடுக்கம் தெரியாது. கேமராவின் ஃபிளாஷ் சின்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் உச்ச ஷட்டர் வேகத்தை, பெரும்பாலும் 1/200 அல்லது 1/250, தாண்டிவிடாதீர்கள். படத்தின் ஒரு பக்கம் கருப்புப் பட்டையாக வரும்.

இரண்டுக்கும் ஒரே சக்தி வைத்தால் படம் தட்டையாகும். நிரப்பும் ஃபிளாஷ் ஒரு படி குறைவு என்றால் ஒன்றுக்குப் பாதி, பெரும்பாலான பூச்சிகளுக்கு அதுவே சரி. இரண்டு படி குறைத்து 1/64 வைத்தால் நான்கில் ஒன்று, அதில் ரோமமும் முள்ளும் நன்றாக எடுப்பாகத் தெரியும். வேல மரத்துக் கிளையில் முள்ளைப் போலவே ஒட்டியிருக்கும் கொம்புப்பூச்சிகளுக்கு நான் அப்படித்தான் வைப்பேன்.

ஃபிளாஷ் படங்களில் பின்னணி கருப்பாகிவிடுவதுதான் பலரின் குறை. ஃபிளாஷ் வெளிச்சம் பின்னால் இருக்கும் செடிவரை போய்ச் சேருவதில்லை. ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, ஷட்டரை 1/60க்கு இறக்கி, ஃபிளாஷ் சக்தியை இரண்டு படி குறையுங்கள். பின்னணி பச்சை திரும்ப வரும், கொஞ்சம் நடுக்கமும் சேர்ந்து வரும். இன்னொரு வழி, ஒரு கையில் காய்ந்த இலையைப் பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் பிடிப்பது. எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது.

எங்கே போய் எடுப்பது

திரை சரியாகிவிட்டது என்று தோன்றினால் ஆமை வண்டைத் தேடிப் போங்கள். சேலத்து ஏரிக்கரைகளில் ஊதாப் பூவோடு புதராக மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் இலையில் கிடைக்கும். இந்தக் குடும்பத்தில் சில வகைகள் உயிரோடு இருக்கும்போது தங்க மெருகு போட்டது போல மின்னும், செத்தால் அந்த மினுமினுப்பு மங்கிவிடும். ஓட்டுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகளும் ஈரமும் சேர்ந்து காட்டும் நிறம் அது. பிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து எடுக்கும் வேலை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டிஃப்யூசரில் குறை இருந்தால் இந்த வண்டு கொலுசு மணியைப்போலவே காட்டிக்கொடுக்கும்.

ஏற்காட்டுக்கு என்றால், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி விடியும்போது மேலே இருப்பது நல்லது. குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும். தோட்டங்கள் தனியாருடையவை, மேஸ்திரியிடமோ மேனேஜரிடமோ கேட்டுவிட்டு நுழையுங்கள். "பூச்சி எடுக்க வந்தேன்" என்றால் மருந்துக் கம்பெனி ஆள் என்று நினைப்பார்கள், கேமராவைக் காட்டிப் பேசுங்கள். காப்பித் தண்டைத் துளைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானை எங்கே பார்க்கலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும், அது அவர்களுக்கு எதிரி. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

மூடுபனி இறங்கினால் நிறுத்திவிடுங்கள். லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவில் மிதக்கும் துளிகளில் ஃபிளாஷ் பட்டு, படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும். ஃபிளாஷுக்குள் ஈரம் போவதும் நல்லதல்ல. பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, வெயில் வரும்வரை டீக்கடையில் உட்காரலாம்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஃபோம் தாள் நாளாக நாளாக மஞ்சளாகும், வெள்ளைப் பூ மஞ்சளாக வரத் தொடங்கினால் கேமராவைத் திட்டாமல் தாளை மாற்றுங்கள். எந்த வீட்டில் புது மிக்ஸி வாங்கினாலும் ஒரு வருடத்துக்கு ஆகும் தாள் கிடைத்துவிடும்.